எம் படம் போட்ட டப்பா

அங்கன உக்காராதீங்க அண்ணாச்சி, அங்க ஃபேன் காத்து வராது. சுத்தத்தான் செய்யுது, ஆனா காத்த மேலயே வச்சுக்கிடும். கவர்மெண்டு ஃபேனுல்லா. இப்பிடி சன்னல் பக்கமா வாங்க. காலப் பைய நீட்டுங்க. முட்டி வலியா? நீங்க படியேறும்போதே பாத்துட்டேன். செவத்த அப்பிடித் தடவித் தடவி வாரீய, வெள்ளையடிக்க வந்த ஆளோன்னு நெனச்சேன். கோவிச்சுக்கிடாதீங்க. நமக்கு வாய் அப்பிடி. மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குப் போறத விட்டுட்டேன். வாய் மட்டும் லீவே எடுக்கல.

மவனுக்கு மருந்துக்கடை லைசென்ஸா? அவன் உள்ள போயிருக்கானா? நல்லது. அப்பம் நேரமாவும். எனக்கும் கூப்பாடு வரணும். அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம்.

நான் எதுக்கா? நான் எங்க வந்தேன், வர வச்சிருக்கா. உள்ள இருக்கால்லா ஒருத்தி, மருந்து இன்ஸ்பெட்டரம்மா. வேலூர்ப் பக்கத்துக்காரியாம். ஒரு சாண் இடுப்பு, ரெண்டு முழம் அதிகாரம். சிரிக்கவே மாட்டா. பல்லு இருக்கோ என்னவோ, யாரு கண்டா. அவ நாசமாப் போவ. எங்க கம்பெனிய இழுத்துப் பூட்டிட்டா அண்ணாச்சி. அஞ்சாறு பொம்பளைய கஞ்சி குடிச்ச எடம். இப்பம் பூட்டு மேல மெழுகு ஊத்தி சீல் வச்சிருக்கா.

இருங்க, காட்டுதேன். பைக்குள்ளதான் இருக்கு. இந்தா. முட்டிமன்னன் கேப்சூலு. கேள்விப்பட்டதில்லையா? தென்காசிலேந்து தூத்துக்குடி வரைக்கும் ஓடுது, நீங்க எந்த ஊர்ல இருக்கீய? அது கெடக்கட்டும். அதுல படத்தப் பாருங்க. யாரு? நல்லாப் பாருங்க. கண்ணாடி இருந்தா போட்டுக்கிட்டுப் பாருங்க.

நாந்தான்!

பாத்தீயளா, நம்ப மாட்டுக்கீய. அது கேப்சூலு முழுங்கதுக்கு முந்தி எடுத்த படம். கன்னமெல்லாம் ஒட்டி, கழுத்தெலும்புல தண்ணி ஊத்துனா நிக்கும், அப்பிடி இருந்தேன். இப்பம் மூஞ்சியப் பாருங்க. முழு நெலா மாதிரி இருக்கா இல்லியா? எங்க தெருவுல கேக்காளுவ, என்னக்கா இந்த வயசுல புதுப்பொண்ணு மாதிரி பூரிச்சுப் போயி இருக்கன்னு. பசி? ஒரு ஆளு சாப்பாடு நமக்குப் பல்லுக்குள்ள போயிரும். கையப் பாருங்க, லேசா இடிச்சாலும் செவசெவன்னு கன்னிப் போவுது. அம்புட்டு ரத்தம் ஊறியிருக்கு. எல்லாம் இந்த மாத்திரைதான்.

படத்துக்குக் கீழ எழுதியிருக்கே, அது என்னன்னு தெரியுமா? எம் பேரு. சொர்ணக்கிளி மூலிகை நிலையம். நான் லேபிள் ஒட்டுதவ அண்ணாச்சி. எந்த மொதலாளியாவது லேபிள் ஒட்டுதவ பேர லேபிள்ல போடுவானா? எங்க மொதலாளி போட்டாரு. வெயிலுகந்தநாதன்னு பேரு. எனக்கு எளையவருதான், யக்கா யக்கான்னு கூப்பிடுவாரு. தங்கமான மனுசன். முந்தி முட்டிமன்னன் தைலந்தான் போட்டுக்கிட்டு இருந்தாரு. பொறவு, இந்தக் காலத்துல எவளுக்கு ஒக்காந்து தடவிக்கிட்டு இருக்கப் பொறுமை இருக்கு, முழுங்குதாப்ல செய்வோம்னு கேப்சூலுக்கு மாறுனாரு. அப்பம் என்னயக் கூப்பிட்டுச் சொன்னாரு. "யக்கா, எனக்கு ஏழரைச் சனி நடக்கு. எம் பேர்ல ஆரம்பிச்சா வெளங்காது. ஒம் பேரு ராசியான பேரு. தங்கமும் இருக்கு, கிளியும் இருக்கு. ஒம் பேர்லயே போட்டுருவோம்"ன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. எங்க வீட்டுக்காரரு இருந்த வரைக்கும் என்னய "ஏட்டி"ன்னுதான் கூப்பிட்டாரு. பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. இவரு டப்பா டப்பாவா அச்சடிச்சு ஊரெல்லாம் அனுப்புதாரு.

என்னென்னமோ தாள்ல கையெழுத்தும் போடச் சொன்னாரு, போட்டேன். நமக்கு எழுத்துன்னா அது ஒண்ணுதான் நல்லா வரும்.

சோலி எப்பிடின்னா, பொடியெல்லாம் மூடையா வந்து எறங்கும். அமுக்குரா, முடக்கத்தான், சுக்கு, அப்பிடி இப்பிடின்னு. எல்லாத்தையும் பெரிய தாம்பாளத்துல கொட்டிக் கெளறணும். கெளறி முடிஞ்ச பொறவு மொதலாளி உள் ரூமுக்குள்ளேந்து ஒரு வெள்ளப் பொடி கொண்டாருவாரு. ஊதா டிரம்முல இருக்கும் அது. அத வேற யாரும் தொடக்கூடாது. மொவத்துல துண்டக் கட்டிக்கிட்டு அவரு கையாலதான் தூவுவாரு, கோயில்ல விபூதி குடுக்காப்ல. "இதுதான் யக்கா சூட்சுமம், மலை உப்பு"ம்பாரு. எந்த மலைன்னு கேட்டேன். சிரிச்சாரு. தொழில் ரகசியம்லா. பொறவு ஓட்டை ஓட்டையா ஒரு பலகை இருக்கும், அதுல காலிக் கேப்சூலு கூட்டச் சொருவி, பொடியத் தள்ளி, மூடி போட்டு, டப்பால அடைக்க வேண்டியதுதான்.

லேபிள் எல்லாரும் ஒட்டுவோம். தேதி அடிக்க சோலி மட்டும் எனக்குத்தான். வேற எவ கையிலயும் அந்த அச்ச மொதலாளி குடுக்க மாட்டாரு. நம்பர உருட்டி உருட்டி வச்சு அடிக்கணும். சும்மா கண்ட தேதிய அடிச்சிர முடியுமா? செவத்துல நாள் கிழிக்க காலண்டர் இருக்கும். அஷ்டமி நவமி தள்ளணும். கரிநாள் தள்ளணும். மொதலாளிக்குச் சந்திராஷ்டமம்னா தள்ளணும். நல்ல நாளாப் பாத்து அந்தத் தேதியத்தான் அடிக்கணும். பெத்த பிள்ளைக்குச் சாதகம் எழுதுதாப்ல ஒவ்வொரு டப்பாவுக்கும் பாத்துப் பாத்து அடிச்சிருக்கேன் அண்ணாச்சி.

இப்பம் சொல்லுங்க. ஆடி மாசம் எவனாவது கடை தொறப்பானா? பொண்ணு பாப்பானா? பால் காய்ச்சுவானா? மாட்டான்லா? அப்பம் மருந்துக்கு மட்டும் ஆடில தேதி போடலாமா? "ஆடில பொறந்த மருந்த எவன் வாங்குவான்"னு மொதலாளி சொல்லுவாரு. ஆனா சோலி நிக்க முடியாது, சரக்கு கேட்டு போனு மேல போனு வரும். அதனால என்ன செய்வோம், ஆடில அடைச்சாலும் ஆவணி மொத முகூர்த்தத் தேதிய அடிச்சு அனுப்பிருவோம். வருசா வருசம் அப்பிடித்தான். ஒருத்தன் கேட்டதில்ல.

கேட்டவ யாருன்னா, எங்கூட்டுக்காரி ஒருத்தி. எங்க வீட்டுக்காரரு கூடப்பொறந்தவ. சேர்மக்கனி. அவ பேரச் சொன்னாலே எனக்கு நாக்குல கசக்கு. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

அவளுக்கும் முட்டி வலி. நின்னா ஒக்கார முடியாது, ஒக்காந்தா எந்திரிக்க முடியாது. பாதில நிப்பா, கெட்டுப்போன குடை மாதிரி. ஆயிரம் இருந்தாலும் நாத்தனாராச்சேன்னு நாந்தான் டப்பா டப்பாவாக் குடுத்தேன். மொத டப்பா முடியதுக்குள்ள எந்திரிச்சுட்டா. வைகாசி கோயில் கொடைல கும்மி அடிச்சாப் பாருங்க! மேளக்காரன் களைச்சுட்டான், இவ களைக்கல. ஊரே வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்துச்சு. அந்தக் கூட்டத்துல நிக்கவளுவ எல்லாம் என்கிட்ட வந்து எனக்கொரு டப்பா, எனக்கொரு டப்பான்னு கையப் புடிக்காளுவ. எனக்கு அன்னிக்கு இருந்த நடைய நீங்க பாக்கணுமே. சாமி சப்பரத்துக்கு முன்னால நான் போனேன்.

அப்பிடி ஆட விட்டவள அவ என்ன சொன்னா தெரியுமா? ஆடி பாதி கழிஞ்சு, குலசாமி கோயில்ல சொந்தத்துல ஒரு காது குத்து. பந்தில எல்லாரும் இருக்கோம். இவ நடுப் பந்தில வச்சு, "எங்க மைனி மாத்திரை முழுங்கி முழுங்கி மூஞ்சி பணியாரமா ஊதிட்டு, ஆனா வாய் மட்டும் அடங்கவே இல்ல"ன்னு சொல்லுதா! எல்லாவளும் சிரிக்காளுவ. எனக்குச் சோறு எறங்கல. நாம கிண்டல் பண்ணுனா அது தமாசு. நம்மளப் பண்ணலாமா?

நான் எலைய மூடிட்டு எந்திரிச்சுச் சொன்னேன். "ஏட்டி, பணியாரம் சொல்லுதேன் கேட்டுக்கோ. இன்னிலேந்து ஒனக்கு ஒரு மாத்திரை கெடையாது. நீ எப்பிடி நடக்கன்னு பாக்கேன்"னேன். அவ மவ எசக்கியம்மா பின்னாலயே வந்து கெஞ்சுதா. "அத்த, அம்மாகிட்ட இருக்க டப்பா முடியப் போவுது, குடுத்துருங்க"ன்னு. குடுக்கல. குடுப்பனா? அதே வாரத்துல திரும்பவும் வந்தா. வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிட்டேன்.

என்ன ஆச்சுங்கீய? சாஞ்சுட்டா! மாத்திரை நின்னதும் ஆளு சாஞ்சுட்டா அண்ணாச்சி. வாந்தியாம், தலை சுத்தாம், எந்திரிச்சு நின்னா பொத்துன்னு விழுந்துருதாளாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி, பிரஷர் தரைல கெடக்குன்னு சொல்லி, குளுக்கோஸு என்ன, ஊசி என்னன்னு ஒரே அமளி. சேதி கேட்டதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? பாத்தியா, நம்ம மாத்திரைக்கு உள்ள சத்தப் பாத்தியா! அது இல்லன்னா ஒரு வாரம் அவளால நிக்க முடியலன்னா, அது எப்பேர்ப்பட்ட மருந்து! தெருவெல்லாம் சொன்னேன். அதுக்காவவே நாலஞ்சு டப்பா போச்சு.

ஆனா அங்க ஒரு டாக்டரு இருந்திருக்கான். சின்னப் பய. என்ன மாத்திரை சாப்பிட்டாவன்னு கேக்கவும் எசக்கியம்மா காலி டப்பாவக் கொண்டு குடுத்திருக்கா. அவன் தேதியப் பாத்திருக்கான். நாங்க ஆடில இருக்கோம், டப்பால ஆவணி அடிச்சிருக்கு. "என்னம்மா, இன்னும் பொறக்காத மாத்திரைய ஒங்கம்மா தின்னு முடிச்சிருக்காவளே"ன்னு சிரிச்சிருக்கான். சிரிச்சதோட விட்டானா, பாவி மட்ட. இந்த இன்ஸ்பெட்டரம்மாவுக்குப் போனப் போட்டுட்டான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாக்கப் போகல, கேக்கப் போனேன். கட்டுல்ல கெடக்கா, வாடுன கீரை மாதிரி. "ஏட்டி, ஒன்ன ஆட வச்ச மாத்திரையக் காட்டிக் குடுத்துட்டியே, நீ நல்லா இருப்பியா"ன்னு கேட்டேன். அவ கண்ணத் தொறந்து என்னயவே பாக்கா. சண்டைக்கு வருவான்னு பாத்தா வரல. பைய சொல்லுதா: "மைனி, ஒங்க படம் போட்டிருக்கேன்னுதான நம்பி முழுங்குனேன்."

பாத்தீயளா கொழுப்ப! ஆஸ்பத்திரில கெடந்தாலும் வாய் அடங்குதா? எம் படம் போட்டிருக்கேன்னுதான நம்பி முழுங்குனாளாம். முழுங்குனல்லா? ஆடுனல்லா? பொறவு என்ன? நான் அப்பிடியே திரும்பி வந்துட்டேன். கொண்டு போன ஆரஞ்சுப் பழத்தக்கூட குடுக்கல. பஸ்ஸுல வரும்போது நானே உரிச்சுத் தின்னுட்டேன். புளிப்பு.

அதுக்கு ஒரு நாலு நாளைக்குப் பொறவு, கம்பெனி வாசல்ல ஜீப்பு. எறங்குதா இந்த ஒல்லிக்குச்சி. கூட ரெண்டு பேரு. வந்ததும் செருப்பக்கூடக் கழத்தல. டப்பாவ எடுத்தா. என்னயப் பாத்தா. டப்பாவப் பாத்தா. எம் மூஞ்சிக்குப் பக்கத்துல டப்பாவப் புடிச்சுப் பாத்தா, பொண்ணு பாக்க வந்தவ போட்டோவ ஒத்துப் பாக்க மாதிரி. "இது நீங்களா?"ன்னா. "பின்ன ஒங்க சித்தியா?"ன்னேன். மத்தவளுவ சிரிச்சுட்டாளுவ. அவ சிரிக்கல.

லேபிள வாசிக்கா. வாசிச்சு, "இது உள்ளுக்குச் சாப்பிடுற மாத்திரை. இதுல இங்கிலீசுல மேலுக்குத் தடவ மட்டும்னு போட்டிருக்கே"ங்கா. அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி. தைலத்துக்கு அடிச்ச லேபிளு அச்சாபீஸ்ல அப்பிடியே இருந்துச்சு. படத்தையும் பேரையும் மாத்துனா போதும்னு மொதலாளி சொல்லிட்டாரு. கீழ செவப்பா இருந்த வரி நல்லா எடுப்பா இருக்கேன்னு விட்டுட்டாவ. நான் கேட்டேன், "ஏம்மா, கேப்சூலக் கையில குடுத்தா எவளாவது முட்டில தேச்சுக்கிட்டு இருப்பாளா? அவளுவளுக்கு வாய் இருக்கு"ன்னு. தப்பா?

பொறவு "லைசென்ஸு எங்க?"ன்னா. இருக்கே! சாமி படத்துக்குப் பக்கத்துலயே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு. வருசா வருசம் ஆயுத பூசைக்குச் சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, மாலை போட்டு, என்ன லட்சணமா இருக்கும் தெரியுமா? கண்ணாடி ஒடஞ்ச பொறவும் நாங்க தாள் மேலயே பொட்டு வச்சோம், வைக்காம விட்டதில்ல. அவ என்ன செஞ்சா தெரியுமா அண்ணாச்சி? கைக்குட்டைய எடுத்தா. தண்ணியத் தொட்டா. பொட்ட அழிச்சுட்டா!

சுமங்கலி மாதிரி இருந்த லைசென்ஸு! நான் நெஞ்சுல அடிச்சுக்கிட்டேன். அவ கொஞ்சங்கூட அஞ்சல. அழிச்சுட்டு வாசிக்கா. "இது மொதலாளியோட அப்பா பேர்ல இருக்கு. அவரு எங்க?"ன்னா. அவரு போயி எத்தனையோ வருசமாச்சு, மாலை போட்ட படம் பக்கத்துலயே தொங்குது, கண்ணு இல்லையா? "இது லேகியத்துக்குக் குடுத்த லைசென்ஸு. இதுவும் காலாவதி ஆயிட்டு. கேப்சூலுக்கு லைசென்ஸு எங்க? தயாரிக்கிறது யாரு? என்னென்ன போடுறீங்க, எவ்வளவு போடுறீங்க? சோதனை எங்க பண்றீங்க?" கேள்வி கேள்வியாக் கேக்கா. சோதனையா? நாந்தான் சோதனை. நானே தின்னுதேன், தெரியல? மொவத்தப் பாத்தா தெரியல?

அன்னிக்கு மொதலாளி ஊர்ல இல்ல. ஜீப்பு வரதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் கார எடுத்துக்கிட்டுப் போனாரு. நல்ல நேரத்துக்குத் தப்பிச்சாரு மனுசன்.

அவ மாத்திரைய எடுத்து சீல் வச்சு மெட்ராசுக்கு அனுப்பிட்டா. அங்கேந்து பதில் வந்துருக்காம், இதுல இங்கிலீஸ் மருந்து கலந்திருக்குன்னு. ஸ்டீராய்டாம். லேபிள்ல அது இல்லையாம். லேபிள்ல மலை உப்புன்னுகூடத்தான் இல்ல. அதுக்கு என்ன செய்ய? எல்லாத்தையும் வெளில சொல்லிட்டா பொறவு தொழில் ரகசியம் என்ன இருக்கு?

இன்னொண்ணு கேளுங்க. இதுதான் முக்கியம். கம்பெனியப் பூட்டி சீல் வச்சுட்டு ஜீப்புல ஏறப் போனவ திரும்பி வந்தா. மத்தவளுவ போயிட்டாளுவ, நான் மட்டும் நிக்கேன். வந்து எங் கையப் புடிச்சு, அந்தச் செவப்பப் பாத்தா. மூஞ்சியப் பாத்தா. "அம்மா, இத எவ்வளவு நாளா சாப்பிடுறீங்க?"ன்னா. "ஏன், ஒங்களுக்கும் வேணுமா? ஒடம்புல கொஞ்சம் சதை புடிக்கும்"ன்னேன். அப்பமும் சிரிக்கல. "அம்மா, சொல்லுறதக் கேளுங்க. இந்த மாத்திரைய நீங்களா திடீர்னு நிறுத்திராதீங்க. ஆபத்து. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. அவங்க கொஞ்சம் கொஞ்சமா கொறைப்பாங்க"ன்னா.

எப்பிடி! கேட்டீயளா? கம்பெனியப் பூட்டுதவளே சொல்லுதா, மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு! அவ வாயாலயே வந்துட்டு பாத்தீயளா? அம்புட்டு நல்ல மருந்துன்னு அவளுக்கும் தெரியும். பொறவு என்னத்துக்குப் பூட்டுனா? பொறாமைதான். நான் அந்த வார்த்தையத் தெரு பூராச் சொன்னேன். "இன்ஸ்பெட்டரே நிறுத்தக்கூடாதுன்னு சொல்லிட்டாவ"ன்னு. ஆஸ்பத்திரிக்கு நான் போகல. நல்லா இருக்கவ எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

அதோட விட்டாளா? கொரலத் தாழ்த்தி, "இத யாரு நடத்துறாங்கன்னு உண்மையச் சொல்லிருங்கம்மா. சொன்னா நீங்க சாட்சி மட்டுந்தான். இல்லன்னா லேபிள்ல இருக்க பேரு ஒங்க பேரு"ங்கா. எனக்குத் தெரியாதா எம் பேருன்னு? எனக்கும் மொதலாளிக்கும் நடுவுல சிண்டு முடியப் பாக்கா. நான் சொன்னேன், "நீங்க வேற எடம் பாருங்கம்மா, இந்தப் பருப்பு எங்கிட்ட வேகாது"ன்னு. போயிட்டா. போகும்போது ஒரு மாதிரி பாத்துட்டுப் போனா. எரக்கப்படுதாளாம், எரக்கம். அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. திட்டுனாகூடத் திருப்பித் திட்டலாம்.

கொஞ்சம் கிட்ட வாங்க. அந்தப் பியூன் காதுல விழுந்துரப் போவுது. ஊதா டிரம்மு இருக்குன்னு சொன்னேன்லா? அது அவளுக்குக் கெடைக்கல. எப்பிடிக் கெடைக்கும்? அது எங்க வீட்டுல இருக்கு! அரிசி டிரம்முக்குப் பக்கத்துல, மேல சாக்கப் போட்டு, அதுக்கு மேல சாமி வெளக்க வச்சிருக்கேன். கார எடுத்துக்கிட்டுப் போகும்போதே மொதலாளி எங்க வீட்டுல எறக்கிட்டுத்தான் போயிருக்காரு. "யக்கா, ஒன்னத் தவிர எனக்கு யாரு இருக்கா, ஒம் வீடுதான் எனக்கு லாக்கரு"ன்னு பொறவு போன்ல சொன்னாரு. பெத்த பிள்ளை சொல்லுமா இந்த வார்த்தைய?

இன்னிக்கும் அவருதான் கார்ல கொண்டாந்து விட்டாரு. கேட்டுக்கு அந்தப் பக்கமே நிப்பாட்டிட்டாரு. எறங்கல. ஏன்னா இன்னிக்கு அவருக்குச் சந்திராஷ்டமம். சந்திராஷ்டமத்துல கவர்மெண்டு ஆபீஸ் படிய மிதிக்கலாமா? கூடாதுல்லா. "யக்கா, நீ தைரியமாப் போ. என்ன கேட்டாலும் எல்லாம் நாந்தான்னு சொல்லிரு. பொடி யாரு வாங்குனதுன்னா நாந்தான். கலந்தது யாருன்னா நாந்தான். தேதி அடிச்சது நீதான, அதுல பொய்யே இல்ல. ஒம் பேருல்லா டப்பால இருக்கு, பேருக்கு ஒரு மரியாதை வேணாமா? மத்தத நான் வக்கீல வச்சுப் பாத்துக்கிடுதேன்"னாரு. எனக்கு ஒரு எலுமிச்சம்பழமும் குடுத்தாரு. இந்தா, முந்தானைல முடிஞ்சிருக்கேன்.

இருங்க, இன்னும் கூப்பாடு வரலன்னு ஒரு வார்த்தை அவருக்குச் சொல்லிருதேன். ... சுவிட்ச் ஆஃப்னு சொல்லுதா இந்த போனுக்காரி. அவரு எறக்கி விட்டதுலேந்து இவ இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கா. கோயில்ல இருப்பாரு. கருவறைக்கிட்ட போன அமத்தி வச்சிருவாரு. பக்தியான மனுசன்.

என்ன அண்ணாச்சி? என்ன முழிக்கீய? என்ன சொல்லுதீய, மெதுவாச் சொல்லுங்க. நாந்தான்னு சொன்னா என்னய என்ன செஞ்சிருவாளாம்? கேசா? எம் மேலயா? ஜெயிலா? எனக்கெதுக்கு ஜெயிலு, நான் என்ன திருடுனனா? லேபிளு ஒட்டுனேன், தேதி அடிச்சேன், அம்புட்டுதான. அதத்தான் சொல்லச் சொல்லுதீயளா? மொதலாளி பேரச் சொல்லச் சொல்லுதீயளா? டிரம்மு இருக்கதையும் சொல்லணுமா?

நல்லாருக்கே! நீங்களும் அந்த ஒல்லிக்குச்சி மாதிரியே பேசுதீயளே. ஒருவேளை அவ அனுப்புன ஆளா நீங்க? மவன் லைசென்ஸுக்கு வந்திருக்கான்னு சொன்னது பொய்யா? பின்ன எதுக்கு ஒங்களுக்கு இம்புட்டு அக்கறை? சேர்மக்கனிக்கு நீங்க என்ன ஒறவு?

தள்ளி உக்காருங்க. இல்ல, தள்ளி உக்காருங்க. ஃபேனு இல்லாத பக்கமே உக்காருங்க, ஒங்களுக்கு அதுதான் சரி. ஒரு மனுசன் எம் பேர லேபிள்ல போட்டு ஊரெல்லாம் அனுப்பிருக்கான். எம் பேர எவன் அச்சடிச்சான் இதுவரைக்கும்? கல்யாணப் பத்திரிகைலகூட எங்கப்பன் பேரத்தான் பெருசாப் போட்டாவ. எம் பேர்ல ஒரு எழுத்த விட்டுட்டு அடிச்சிருந்தான் அச்சாபீஸ்காரன். அத விட்டுக் குடுக்கச் சொல்லுதீய. நான் லேபிளு ஒட்டுதவன்னு நானே எம் வாயால சொல்லணுமாக்கும். அந்த ஒல்லிக்குச்சி முன்னால. நாளைக்கு சேர்மக்கனி காதுல அது விழுந்தா? பணியாரம்னவ பொறவு என்னன்னு சொல்லுவா?

இருங்க. கூப்பிடுதான்.

கேட்டீயளா? "முட்டிமன்னன் தயாரிப்பாளர், உரிமையாளர், திருமதி சொர்ணக்கிளி"ங்கான்! திருமதியாம். ரேஷன் கடைல கெழவி தள்ளி நில்லுங்கான். இங்கன திருமதி. உரிமையாளர்! வாரேன்யா, வாரேன், தொண்டையக் கிழிக்காத. உள்ளேயே வச்சிருக்கவா போறீய என்ன, ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரதுதான.

பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. கையூனாம எந்திரிக்கேன். ஒரு சத்தம் வந்துச்சா முட்டில? நீங்க எந்திரிங்க பாப்போம். முடியாதுல்லா? சரி சரி, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. கோவத்துல நாலு வார்த்தை சொல்லுவேன், மனசுல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டேன். ஒங்களுக்கு வயசாயிட்டு, முட்டி வலில ஏதோ ஒளறிட்டீய.

இந்தா, இத வச்சுக்கிடுங்க. முழு டப்பா. கம்பெனில சீல் வைக்கதுக்கு முந்தி எடுத்து வச்சது. துட்டெல்லாம் வேண்டாம். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அட, கையப் பின்னால இழுக்காதீங்க, புடிங்க. தேதியெல்லாம் பாத்துக்கிட்டு இருக்காதீங்க.

எம் படம் போட்டிருக்குல்லா. நம்பி முழுங்குங்க.